கொம்பு வச்ச ஆறும் குண்டு விழுந்த ஊரும்

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில குந்து. மடியில இருக்கற அந்தப் பொட்டியைக் கொஞ்சம் மூடு. ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லு. நீ பட்டணத்துலேருந்து லீவு போட்டு வந்து எத்தினி நாளாச்சி? பத்தொம்பது நாளா? நம்ப கடலூர் ஜில்லா ஆறுங்களைப் பத்தி, வெள்ளத்தைப் பத்திப் பொஸ்தகம் எழுதப் போறன்னு வந்த. நல்ல சங்கதி. ஆயா அன்னிக்கே சங்கரா மீன் வாங்கிக் கொழம்பு வச்சா. புள்ள எழுதுதேன்னு நான் ரேடியோவைக்கூட மெதுவா வச்சன். பொஸ்தகம் எத்தினி பக்கம் ஆச்சி?

ஒரு பக்கமும் ஆவல. ஆனா ஏழு மென்பொருள் பாத்துட்ட.

ஏழு! பொண்ணு பாக்கப் போனப்ப நானு மூணு வூட்டுலதான் சொஜ்ஜி பஜ்ஜி தின்னன். நாலாவது வூட்டுக்குக் கெளம்பறப்ப எங்கப்பாரு தடுத்து, "திங்கப் போறியா, கட்டப் போறியா"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் உங்க ஆயாவைக் கட்டுனன். நீ என்னடான்னா, இங்க பதினாலு நாள் சும்மா குடுக்கறான், அங்க முப்பது நாள் சும்மா குடுக்கறான்னு வூடு வூடா சொஜ்ஜி தின்னுக்கிட்டுத் திரியற.

மொறைக்காத. "யோசனையைப் படமாப் போட்டாத்தான தாத்தா பொஸ்தகத்தோட உருவம் தெரியும்"ங்கற. தெரியும்டா, வாணாம்னு சொல்லல. நாப்பது வருஷம் இந்த முதுநகர்ல மல்லாட்ட மண்டியில கணக்கெழுதுனவன் நான். உருவம் இல்லாத கணக்கு நிக்காதுன்னு எனக்கும் தெரியும். சரி, பொட்டியைத் தொற. உன் ஏழு பொண்ணுங்களையும் நானும் ஒரு தடவ பாத்துடறன்.

இது என்ன, நடுவுல ஒரு வட்டம். உள்ள 'வெள்ளம்'னு எழுதியிருக்க. அதுலேருந்து நாலா பக்கமும் கை நீண்டு போவுது. மைண்ட் மேப்பா? இந்தப் படத்தை நான் பாத்திருக்கன். 1690-லயே நம்ப ஊர்ல போட்டாச்சி.

சிரிக்காம கேளு. தேவனாம்பட்டணத்துக் கோட்டையை மராட்டிக்காரங்க கிட்டேருந்து இங்கிலீஷ் கம்பெனி வெலைக்கு வாங்குச்சி. செயின்ட் டேவிட் கோட்டைன்னு நீ பொஸ்தகத்துல படிச்சிருப்ப. கோட்டையோட சுத்துப்பட்டு நெலமும் சேத்துக் கிரயம். எம்மா நெலம்? கோட்டையிலேருந்து பீரங்கி சுட்டா குண்டு போயி எங்க விழுதோ அது வரைக்கும். அப்பிடித்தான் பேச்சி. மெட்ராஸ்ல அப்ப கவுனரு எலிஹு யேல். அமெரிக்காவுல யேல் காலேஜுக்குப் பேரு குடுத்தானே, அதே ஆளு. கம்பெனிக்காரங்க லேசுப்பட்டவங்களா? மருந்தை எம்மா கெட்டிக்கறது, வாயை எம்மா தூக்கறது, அதெல்லாம் பீரங்கிக்காரன் சாமர்த்தியம்னு விட்டுட்டாங்க. அவன் நடுவுல நின்னுக்கிட்டுத் தெசைக்கு ஒண்ணா சுட்டான். குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு. இன்னிக்கும் குண்டு சாலைன்னு சொல்றமே, குண்டு உப்பலவாடின்னு ஊரு இருக்குதே, அந்தக் குண்டுதான்னு பெரியவங்க சொல்லுவாங்க.

நீ போட்டிருக்கறதும் அதே வேலதான். நடுவுல குந்திக்கிட்டுத் தெசைக்கு ஒண்ணா சுடற. ஒரு குண்டு 2004 சுனாமியில விழுது. ஒரு குண்டு தானே புயல்ல. ஒண்ணு நெய்வேலி சுரங்கத்துல. ஒண்ணு என்னடா இது, 'சோழர் கால நீர் மேலாண்மை'யா? அம்மாந்தூரம் போயி விழுந்திருக்குது. மருந்து ஜாஸ்தி கெட்டிச்சிட்ட. விழுந்த எடமெல்லாம் 'எம்பொஸ்தகம்'னு கலர் பூசிட்ட. சுடறது ஒரு நாள் வேல பேராண்டி. ஒவ்வொரு ஊரா நடந்து போயி, எல்லைக்கல்லு நட்டு, எது நஞ்சை எது புஞ்சைன்னு பாத்துக் கணக்கெழுதறதுதான் வருஷக்கணக்கா நடக்கற வேல. அந்த வேலயை உனக்குப் பதிலா செய்யற மென்பொருள் ஏழுலயும் இல்ல, எட்டாவதுலயும் இருக்காது.

இந்த நடுவட்டப் படத்தை ஊரு ஒலகத்துக்கெல்லாம் பரப்புனவரு டோனி பூசான்னு ஒரு இங்கிலீஷ்காரருன்னு நீதான சொன்ன. 1974-ல பி.பி.சி. டீவியில வந்து காட்டுனாரு. நடுவுல ஒரு படம் போடு, கெளைக்கு ஒரு கலர் குடு, கோட்டு மேல ஒத்த வார்த்தைதான் எழுதுன்னாரு. தோணுனதையெல்லாம் கொட்டறதுக்கும், பரீட்சைக்கு மறுபடி ஞாபகப்படுத்திக்கறதுக்கும் நல்ல வித்தை. அதுக்கு அவரு கேட்டது ஒரு காகிதமும் நாலு கலர் பென்சிலுந்தான்.

பண்ருட்டிப் பலாப்பழத்தைக் குறுக்கால அறுத்துப் பாத்திருக்கியா? நடுவுல தண்டு. சுத்தி வட்டமா சுளை. சுளைக்கு எடையில சடை. உன் படம் அச்சு அசல் அதேதான். நடுத்தண்டை எவனாவது தின்னிருக்கானா? பாக்கறதுக்கு அதுதான் நடுநாயகம், ஆனா மாட்டுக்குத்தான் போடறம். உன் நடு வட்டத்துல 'வெள்ளம்'னு இருக்குது பாரு, அந்த வார்த்தையில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. தண்ணி எங்க இருக்குதுன்னு நான் காட்டவா? இந்த ஓரத்துல, எட்டாவது கெளையில, எறும்பு மாதிரி எழுத்துல 'ஆயா, அடுப்பு, படகு'ன்னு போட்டிருக்கியே, அங்கதான் சுளை இருக்குது. அதைப் புடிச்சி இழு பாக்கலாம். வருதா? வந்து நடுவுல குந்துதா? குந்துச்சின்னா அந்த மென்பொருளுக்கு ஒரு மார்க்கு போடு. மொதல்ல எதை நடுவுல வச்சியோ அதுவேதான் கடைசி வரைக்கும் நடுவுல இருக்கணும்னு அடம் புடிச்சிச்சின்னா அதைத் தொழுவத்துல கட்டு.

இன்னொண்ணு. பலாப்பழம் அறுக்கறதுக்கு முன்னாடி கையில எண்ணெ தடவுவமா இல்லியா? எதுக்கு? பிசின் புடிக்கும். இந்த மென்பொருளுங்களுக்கும் பிசின் உண்டு. அதுக்கு அப்பறம் வர்றன்.

இப்ப மண்டி கதையைச் சொல்றன். காலையில குறிஞ்சிப்பாடி வண்டி, பண்ருட்டி வண்டி எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும். மூட்டை எறங்கும். தராசுக்காரன் கத்துவான். நான் கையில கெடைச்ச துண்டுச் சீட்டுல கிறுக்குவன். யாரு, எத்தினி மூட்டை, எம்மா எடை, அம்புட்டுதான். கிறுக்கி மேசையில நிக்கற கம்பியில ஒரே குத்து. அந்த நேரத்துல போயி 'இந்த ஆளை எந்தத் தலைப்புல சேக்கறது, எந்தக் கலர் மையில எழுதறது'ன்னு யோசிச்சன்னா அடுத்த மூட்டை என்னைத் தாண்டிக் கிட்டங்கிக்குள்ள போயிடும். சாயந்திரம் கும்பல் கொறைஞ்சப்பறம் கம்பியிலேருந்து சீட்டை உருவி நாள்வழியில ஏத்துவன். அப்பறம் பேரேட்டுல ஆளுக்கொரு பக்கம். வருஷக் கடைசியில ஐந்தொகை. மொதலாளி பாக்கறது ஐந்தொகையை மட்டுந்தான். கம்பியில சீட்டு எம்மா அழகா குத்தியிருந்திச்சின்னு எந்த மொதலாளியும் என்னைக் கேட்டதில்ல.

உன் ஏழுலயும் கம்பி எது, பேரேடு எது, ஐந்தொகை எதுன்னு மொதல்ல பிரிச்சி வை. மிரோங்கற, எக்ஸ்காலிட்ராங்கற, ரெண்டும் கம்பி. எல்லையில்லாத வெள்ளைப் பலகை, எங்க வேணும்னாலும் குத்து. அந்த எக்ஸ்காலிட்ராவுல கோடெல்லாம் கையால கிறுக்குன மாதிரியே வருது, எனக்குப் புடிச்சிருக்குது. 'இது இன்னும் முடியல'ன்னு அதுவே ஒத்துக்குது பாரு, அந்த நாணயம் வேணும். ஃப்ரீபிளேன், எக்ஸ்மைண்ட் ரெண்டும் பேரேடு. தலைப்பு, அதுக்குக் கீழ தலைப்பு. ஐந்தொகைக்கு நீ வெளியில எங்கயும் அலைய வாணாம். உன் வேர்டுலயே அவுட்லைன் வ்யூன்னு ஒண்ணு வருஷக்கணக்கா தூங்கிக்கிட்டிருக்குது, எழுப்பு. கம்பியைப் போயி 'நீ ஏன் ஐந்தொகை காட்டல'ன்னு வையறதும், பேரேட்டைப் போயி 'நீ ஏன் அவசரத்துக்கு ஒதவல'ன்னு வையறதும் ஒரே மாதிரி பைத்தியக்காரத்தனம். நீ ஏழு நாள் ஏழையும் வஞ்சதுல பாதி இந்த வகைதான்.

கம்பி வேலைக்கு ஒரே ஒரு பரீட்சை. மனசுல ஒண்ணு தோணறதுக்கும் அது பொட்டிக்குள்ள எழுத்தா விழறதுக்கும் நடுவுல எத்தினி தட்டு, எத்தினி சொடுக்கு? முந்தாநாளு நீ ஒண்ணைக் காட்டுனியே, பேரு வாணாம், அது ஒரு வார்த்தை எழுதறதுக்கு முன்னாடி 'வட்டமா சதுரமா, என்ன கலரு, பொம்ம வைக்கட்டுமா'ன்னு மூணு கேள்வி கேட்டுது. நீ மூணுக்கும் பதில் சொல்லி முடிச்சிட்டு, "தாத்தா, நான் என்ன எழுத வந்தன்"னு என்னைக் கேட்ட.

பேரேட்டு வகையில ஒரு சூட்சுமம் எனக்குப் புடிச்சிருக்குது. டேப்பை அமுக்குனா புள்ள பொறக்குது. என்டரை அமுக்குனா தம்பி பொறக்கறான். அடேங்கப்பா, ஒரு விரல்ல வம்சம். ஆனா இங்கதான் சிக்கல். நம்ப பரவனாத்தை எடுத்துக்க. நீ அதை எங்க வச்சிருக்க? 'நெய்வேலி சுரங்கம்'ங்கறதுக்குக் கீழயா? சரி, சுரங்கத்துலேருந்து எறைக்கற தண்ணி அதுலதான் வருது. ஆனா 'பெருமாள் ஏரி'க்குக் கீழயும் வரணுமே? கடைசியில முதுநகர்ல உப்பனாத்தோட சேருதே, 'துறைமுகம்'ங்கறதுக்குக் கீழயும் வரணுமே? ஒரு புள்ளைக்கு மூணு அப்பன்னா ஊரு சிரிக்கும். மரம் மாதிரி படம் போடற மென்பொருளுக்கு அதே வெக்கந்தான். ஒரு கெளைக்கு ஒரு தாய்தான்னு நிக்கும். நீ என்ன பண்ணியிருக்க? பரவனாறுன்னு மூணு எடத்துல தனித்தனியா எழுதி வச்சிருக்க. ஒண்ணுல தப்பைத் திருத்துன, மத்த ரெண்டுல அது அப்பிடியே கெடக்குது. மண்டியில இதுக்குப் பேரு கள்ளக்கணக்கு.

ஃப்ரீபிளேன்ல குளோன்னு ஒண்ணு இருக்குதாமே? ஒரே ஆளு மூணு வூட்டுல தெரிவான், ஒரு வூட்டுல முடி வெட்டுனா மூணு வூட்டுலயும் முடி கொறையும். அதைப் பண்ணிப் பாரு. மரத்தையே வுட்டுட்டு வலைக்குப் போவணும்னா அதுக்கும் ஆளு இருக்கறான். அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியில ஜோசப் நோவாக்குன்னு ஒரு வாத்தியாரு. புள்ளைங்க மண்டையில அறிவியல் எப்பிடி வளருதுன்னு பாக்கறதுக்கு 1970-கள்ல ஒரு படம் போட்டாரு. அதுல நடுநாயகமும் கெடையாது, ஒத்தத் தாயும் கெடையாது. ஆனா ஒரு கண்டிப்பு: ரெண்டு பொட்டிக்கு நடுவுல கோடு போட்டா, கோட்டு மேல என்ன உறவுன்னு எழுதியே ஆவணும். சிமேப் டூல்ஸ் அந்த வழியில வந்ததுதான், காசு கெடையாது.

அந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. உன் படத்துல முப்பது கோடு இருக்குது. இந்தச் சுரங்கத்துக்கும் இந்த வயலுக்கும் ஒரு கோடு போட்டிருக்கியே, என்ன உறவு? சுரங்கம் வயலுக்குத் தண்ணி குடுத்துதா, வயலைத் தின்னுச்சா, வெள்ளத்தப்ப வயலை முழுவடிச்சிதா? மூணும் வேற வேற சண்டைடா. வெறும் கோடு என்ன சொல்லுது? 'ரெண்டு பேரும் தெரிஞ்சவங்க'ன்னு சொல்லுது. கல்யாணப் பத்திரிகையில 'உற்றார் உறவினர்'னு போட்ட மாதிரி. மச்சானா, சம்பந்தியா, பாக்கிக்காரனான்னு கோட்டு மேல எழுதிப் பாரு. முப்பது கோட்டுல இருபது கோடு தானா உதிர்ந்துடும். மிச்சம் பத்துதான் உன் பொஸ்தகம்.

இனிமே நான் வைக்கற பரீட்சையை வெள்ளைக்காரன் எவனும் வைக்க மாட்டான். ஏன்னா அவன் ஆத்துக்குக் கொம்பு கெடையாது.

நம்ப ஜில்லா ஆறுங்களை எழுது. பெண்ணையாறு, கெடிலம், உப்பனாறு, பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம். எண்ணிப் பாரு, ஆறு ஆறு. அதுல நாலு ஆத்துக்குத் தலையில கொம்பு. பெ, கெ, வெ, கொ. கொள்ளிடத்துக்குக் கொம்போட காலும் உண்டு. அது காவேரியிலேருந்து பிரியற எடத்துக்குப் பேரே முக்கொம்பு. இந்தக் கொம்பு இருக்குதே, கண்ணுக்கு எழுத்துக்கு முன்னாடி நிக்கும். ஆனா கம்ப்யூட்டரு உள்ளுக்குள்ள மொதல்ல எழுத்தைத்தான் வச்சிக்கும், கொம்பை அதுக்குப் பின்னாடி சேத்துக்கும். காட்டறப்ப கொம்பைத் தூக்கி முன்னாடி வைக்கறது அந்த மென்பொருளோட பொறுப்பு. விவரம் தெரியாதது அப்பிடியே பின்னாடி ஒட்டிடும். நேத்து நீ பி.டி.எஃப். எடுத்துக் காட்டுனியே, திரையில கெடிலம் ஒழுங்கா ஓடுச்சி. பி.டி.எஃப்.ல கொம்பு பின்பக்கமா மொளைச்சி, கெடிலம் கெடந்த கெடையைப் பாத்து ஆயாவே உச்சுக் கொட்டுனா. கொள்ளிடம் மூணு துண்டா கெடந்துது, ஒடைப்பெடுத்த மாதிரி.

அதனால விளம்பரத்துல 'எல்லா மொழியும் வரும்'னு சொன்னா நம்பாத. நாலு கொம்பு ஆத்தை எழுதி, திரையில பாரு. பி.டி.எஃப்.பா எடுத்துப் பாரு. படமா எடுத்துப் பாரு. அப்பறம் தேடற எடத்துல 'வெள்' வரைக்கும் அடிச்சா வெள்ளாறு வருதான்னு பாரு. நம்ப வார்த்தைங்க வேற நீளம். இங்கிலீஷ்காரன் 'ஃப்ளட்'னு ஒரு கொட்டையில முடிச்சிடுவான். நீ 'வெள்ளப்பெருக்கெடுத்ததனால்'னு எழுதுவ. பொட்டி பத்துமா, எழுத்து வெளியில வழியுமா, நடுவுல வெட்டிக்குமான்னு பாக்க வாணாமா? பூசான் 'ஒத்த வார்த்தை எழுது'ன்னு சொன்னாரு. தமிழ்ல ஒத்த வார்த்தையே ஒரு தேர் நீளம்.

அடுத்தது கரண்டு. நீ அப்ப சின்னப் புள்ள. 2011 டிசம்பர் 30, விடியற நேரம். தானே கரையைக் கடந்துது. விடிஞ்சி எட்டிப் பாத்தா முந்திரி, பலா எல்லாம் வேரோட படுத்திருக்குது. போஸ்டு கம்பமெல்லாம் கும்புடு போட்டிருக்குது. எத்தினியோ நாளு கரண்டு இல்ல, போனு இல்ல. மண்டிப் பேரேடு மட்டும் பரண் மேல பத்திரமா இருந்துது, அரிக்கன் வெளக்கு வெளிச்சத்துல அன்னிக்கும் கணக்கெழுதுனன். உன் ஏழுல எத்தினி, நெட்டு இல்லன்னா தொறக்கவே மாட்டேங்குது? எழுதறது புயலைப் பத்தி, எழுதற கருவி தூத்தலுக்கே படுத்துடும்னா என்னடா நாயம்? நெட்டைப் பிடுங்கிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாரு. அப்சிடியன்னு ஒண்ணு சொன்னியே, அது எழுதுனதையெல்லாம் உன் பொட்டியிலயே வெறும் எழுத்துக் கோப்பா வச்சிக்குதுன்னா, அது பரண் மேல வச்ச பேரேடு மாதிரி. ஃப்ரீபிளேனும் உன் வூட்டுலயே குந்திக்கும்.

இப்ப பிசினுக்கு வர்றன். உள்ள போறது எல்லாத்துலயும் சுலபம். வெளிய வர்றதுதான் பரீட்சை. படமா மட்டுந்தான் வெளிய குடுப்பன்னு ஒண்ணு சொன்னா, அது உன் நெல்லை வாங்கிக்கிட்டு நெல்லு மூட்டையோட ஃபோட்டோவைத் திருப்பிக் குடுக்குது. வெறும் எழுத்தா, உள்ளடங்கி உள்ளடங்கி வர்ற வரிசையா குடுக்குதா பாரு. ஓ.பி.எம்.எல்.னு ஒரு பொதுச் சாக்கு இருக்குதாம், 2000 வாக்குல டேவ் வைனருங்கறவரு தச்சது. அவரு 1983-லயே திங்க் டேங்க்னு அவுட்லைன் மென்பொருள் வித்த பழைய கையி. ஒரு மென்பொருள்ல கட்டுன மூட்டையை இன்னொண்ணுல அவுக்கலாம்னுதான் அந்தச் சாக்கு. சேரற அன்னிக்கே வெளிய வர்ற வழியைப் பாத்துடு. பத்துப் பொட்டி போட்டு, வெளிய எடுத்து, வேற ஒண்ணுல ஏத்திப் பாரு. பத்துல எட்டு வந்துதுன்னா பழுதில்ல. நாலு வந்துதுன்னா எண்ணெ தடவிக்கிட்டு ஓடி வந்துடு.

வெலைக்கு நான் தனியா சொல்லணுமா? கிரயமா, குத்தகையான்னு பாரு. வருஷா வருஷம் கட்டுங்கறவன் குத்தகைக்காரன். கட்டலன்னா உன் வயலுக்கே வரப்புல நின்னு எட்டிப் பாக்கணும். ஃப்ரீபிளேன் மாதிரி பொதுவுல வச்சிருக்கறது மந்தைவெளி. யாரும் மேய்ச்சிக்கலாம். அழகு கொறைச்சல்தான். மந்தைவெளிக்கு யாரு மாக்கோலம் போடறாங்க?

எல்லாம் சரி, கடைசியா எதைப் பாத்து முடிவு பண்றதுன்னு கேக்கறியா? செதம்பரத்துக்குப் போ. தில்லைக் கோயில்ல தேவாரச் சுவடியெல்லாம் ஒரு அறையில பூட்டிக் கெடந்துதுன்னு கதை கேட்டிருக்கியா? பாடுன மூவரும் வந்தாத்தான் தொறப்பம்னு தீட்சிதருங்க சொன்னாங்களாம். ராஜராஜ சோழன் மூவரு சிலையையும் ஊர்வலமா கொண்டாந்து நிறுத்தித் தொறக்க வச்சானாம். உள்ள பாத்தா புத்துமண்ணு. கரையான் தின்னது போவ மிச்சந்தான் கெடைச்சிதுன்னு சொல்லுவாங்க. அதை எடுத்து வகுத்துத் திருமுறையா அடுக்குனவரு நம்பியாண்டார் நம்பி.

அப்பறம் நடந்ததுதான் உனக்கு வேண்டியது. அதே பாட்டுங்களை ரெண்டு விதமா அடுக்கியிருக்காங்க. பண்முறைன்னு ஒண்ணு, ராகத்துக்கு ராகம் சேத்து. அதுல நட்டபாடை மொதல்ல வரும், சீர்காழிப் பாட்டுல தொடங்கும். தலமுறைன்னு ஒண்ணு, ஊருக்கு ஊரு சேத்து. அதுல தில்லை மொதல்ல வரும், அடுத்தது இந்த அண்ணாமலை யுனிவர்சிட்டி பக்கத்துல இருக்கற திருவேட்களம். பாட்டு ஒண்ணுகூட மாறல, வரிசைதான் மாறுது. பாடறவனுக்கு ஒரு வரிசை, யாத்திரை போறவனுக்கு ஒரு வரிசை. ரெண்டு பேருக்கும் நடுவட்டம் போட்டு நாலா பக்கமும் கை நீட்டி ஒரு படத்தைக் குடுத்திருந்தா? பாடறவன் எந்தக் கையிலேருந்து ஆரம்பிப்பான்? கும்புட்டுட்டுத் தூங்கப் போயிருப்பான்.

அதான்டா சங்கதி. நெனப்பு நாலா பக்கமும் ஓடும். படமும் நாலா பக்கமும் ஓடும். ஆனா வாயி ஒண்ணு, படிக்கறவன் கண்ணு போறது ஒரே வரி. பொஸ்தகம்ங்கறது ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணுதான். படத்தைக் காட்டுன மென்பொருள், அதே சரக்கை ஒரு தட்டுல வரிசையா மாத்திக் காட்டுதா? அந்த வரிசையைக் கலைச்சி, ஆறுவாரியா அடுக்குனதை வருஷவாரியா அடுக்கிப் பாக்க வுடுதா? வுட்டுட்டு, 'சரி, நீ போயி எழுது'ன்னு வெலகிக்குதா? அதைக் கட்டிக்க. 'இன்னும் ஒரு கெளை, இன்னும் ஒரு கலரு'ன்னு புடிச்சி வைக்கறதுக்குக் கும்புடு போடு.

ஆயா வெத்தல பாக்கோட வர்றா. நல்ல நேரத்துலதான் வந்தா. பொட்டியை மூடிட்டு, 2015 நவம்பர் மழையை அவளுக்குச் சொல்லு. அவளுக்குக் கண்ணு மங்கல், படம் காட்ட முடியாது. வாயாலதான் சொல்லணும். சொல்லுடா.

ம்… அடுப்புல தண்ணி ஏறுனதுலேருந்து ஆரம்பிக்கற. சரி. விறகு மெதந்துது. தெருவுல படகு வந்துது. தண்ணி எங்கேருந்து வந்துதுன்னு ஆயா கேக்கறா, பரவனாறுங்கற. பரவனாத்துல ஏன் அம்மாந்தண்ணின்னு கேக்கறா, ஏரிங்கற, சுரங்கம்ங்கற, தூர் வாராத வாய்க்கால்ங்கற. பெண்ணையாறும் அப்பிடித்தானான்னு கேக்கறா, அது வேற கதை ஆயா, அதுக்குச் சாத்தனூர் அணையைத் தொறக்கணும், 2024 ஃபெஞ்சல் புயல்ல பாத்தமேங்கற. அப்ப எந்த ஆத்துக்கு எங்க பயப்படணும்னு கேக்கறா.

நிறுத்து. நீ சொல்லச் சொல்ல நான் இந்த மண்டிச் சீட்டு முதுகுல எழுதிக்கிட்டே வந்தன். படிக்கறன் கேளு: அடுப்பு. படகு. பரவனாறு. ஏரியும் சுரங்கமும். வாய்க்கால். பெண்ணையும் அணையும். எந்த ஆத்துக்கு எங்க பயம். ஏழு வரி. ஏழு மென்பொருள்ல பத்தொம்பது நாளா தேடுனது இதான. ஒரு கெழவி நாலு கேள்வி கேட்டு எடுத்துட்டா. இந்தா, புடி. இதை எந்தப் பொட்டியில வேணும்னாலும் ஏத்து. இனிமே எதுவும் உன்னை ஏமாத்தாது.

என்ன, சிரிக்கற? பொட்டியில என்ன பாத்த?

அட, அதுவா. சொல்லிடறன், ஆயா காதுல போடாத. நேத்து ராத்திரி தூக்கம் வரல. நீ பொட்டியைத் தொறந்தபடி வச்சிட்டுத் தூங்கிட்ட. டேப்பை அமுக்குனா புள்ள, என்டரை அமுக்குனா தம்பி, அதுதான் தெரிஞ்சிபோச்சே. எனக்கு மல்லாட்ட பாக்கி வர வேண்டியவங்க பேரையெல்லாம் போட்டுப் பாத்தன். நடுவுல நானு. மூத்த பாக்கிக்காரனுக்கு ஒரு கெளை, அவன் தம்பிக்கு ஒண்ணு. கோட்டு மேல உறவும் எழுதுனன். 'நாணயஸ்தன்', 'புளுகன்', 'செத்துட்டான்'. கோழி கூவுற வரைக்கும் கலர் மாத்திக்கிட்டு இருந்தன்டா. ஒருத்தனும் இன்னும் ஒத்த ரூபா குடுக்கல. ஆனா பச்சைக் கலர்ல எல்லாரும் ரொம்ப லட்சணமா இருக்கறானுவ.